யானைக்கு எதற்கு வயலின்? விலங்குகள் இசைக்கும் கதைகளில் குழந்தைக்கு எதைக் கொடுக்கலாம்

புத்தகக் கடையின் சிறுவர் பகுதியில், விலங்குகள் வாத்தியம் வாசிக்கும் படப்புத்தகம் ஒன்றாவது கண்ணில் படும். அட்டையில் யானை வயலின் வாசிக்கும், தவளை டிரம் அடிக்கும், சிங்கம் கையில் கோலோடு நின்று எல்லோரையும் நடத்தும். பிள்ளைக்கு இசையில் ஆசை வரட்டும் என்று நினைக்கிற அப்பா அம்மாக்கள் அதை வாங்கிவிடுவார்கள். படங்கள் அழகாகவே இருக்கும். ஆனால் வாசித்து முடித்த பிறகு, யானை எப்படிப் பிளிறும் என்று குழந்தையிடம் கேளுங்கள், வயலின் எப்படி ஒலிக்கும் என்றும் கேளுங்கள். பல சமயம் இரண்டுக்கும் பதில் வராது. யானையின் சொந்தக் குரலை அந்த வயலின் மறைத்துவிட்டது. வயலினோ வெறும் படமாக நின்றுவிட்டது.

குழந்தைகளுக்குக் கதை வாசிக்கிறவள் என்ற முறையில் இந்த வகைப் புத்தகங்களில் என்னை உறுத்துவது இதுதான். அதனால் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது இரண்டு விஷயங்களைப் பார்க்கிறேன். புத்தகத்தை மூடிய பிறகு குழந்தையின் காது ஏதாவது புதிதாகக் கேட்கிறதா? குழந்தை தானும் வாயைத் திறந்து, கையைத் தட்டி ஒரு சத்தம் எழுப்பிப் பார்க்கிறதா? தாள், அச்சு, விருது முத்திரை எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

மூன்று வயதிலிருந்து எட்டு வயது வரை உள்ள பிள்ளைகளுக்குப் பொருந்தும் சிலவற்றை இங்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். இவற்றில் ஒன்று கடையில் வாங்கும் புத்தகம். சில இசையோடு சேர்ந்து வாழும் கதைகள். கடைசி ஒன்றை நீங்களேதான் வரைந்துகொள்ள வேண்டும்.

செயலியோடு வரும் புத்தகம்

2020-இல் வெளியான ‘வைல்ட் சிம்பனி’யிலிருந்து தொடங்கலாம். எழுதியவர் டான் பிரவுன், ‘டா வின்சி கோட்’ நாவலால் உலகம் முழுக்க அறியப்பட்டவர். நாவலுக்கு வருவதற்கு முன்பு இசையில் முன்னேற முயன்றவர் என்பதால் இந்தப் புத்தகத்துக்கான இசையையும் அவரே எழுதினார். படம் வரைந்தவர் ஹங்கேரியைச் சேர்ந்த சூசன் பட்டோரி. எலி ஒன்று இசைக்குழுவின் தலைவர். அது ஒவ்வொரு விலங்காகப் போய்ப் பார்க்கிறது. திமிங்கிலம், கங்காரு, தவளைகள், சிறுத்தை, யானை, நெருப்புக்கோழி என்று பக்கத்துக்குப் பக்கம் மாறிக்கொண்டே போகிறது. இசைத்தவர்கள் குரோவேஷியாவின் ஜாக்ரெப் ஃபெஸ்டிவல் ஆர்கெஸ்ட்ரா. கூடவே ஒரு இலவசச் செயலி உண்டு. ஃபோன் கேமராவைப் பக்கத்தின் மேல் காட்டினால் அந்த விலங்குக்குரிய இசை ஒலிக்கும்.

இதன் பலம், படமும் இசையும் ஒரே நேரத்தில் கிடைப்பது. திமிங்கிலப் பக்கத்தில் இசை நிதானமாக அசைகிறது, சிறுத்தைப் பக்கத்தில் தலைதெறிக்க ஓடுகிறது. வேகம் என்றால் என்ன, கனம் என்றால் என்ன என்பதைக் குழந்தை சொல்லிக்கொடுக்காமலே உணர்கிறது. படங்களுக்குள் ஒரு தேனீ ஒளிந்திருக்கும், சிதறிக் கிடக்கும் எழுத்துகளைத் தேடிச் சேர்த்தால் ஒரு சொல் கிடைக்கும். ஆறேழு வயதுப் பிள்ளைகள் இந்தத் தேடலை விடவே மாட்டார்கள்.

பலவீனமும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. தேடல் தொடங்கியதும் கண் முந்திக்கொள்கிறது, காது பின்வாங்கிவிடுகிறது. ஃபோன் வேறு கைக்கு வந்துவிட்டது. பாட்டு முடிந்ததும் அடுத்து எங்கே விரல் போகும் என்பது எல்லா வீட்டிலும் தெரிந்த கதை. கவிதைகள் ஆங்கில எதுகையில் ஓடுகின்றன. ஒவ்வொரு விலங்கும் ஒரு நல்ல புத்தியும் சொல்லிவிட்டுப் போகிறது. தமிழில் சொல்லிக் காட்டினால் எதுகை போய்விடும், புத்தி மட்டும் மிஞ்சும். ஆங்கிலம் சரளமாகக் கேட்டுப் பழகிய பிள்ளைக்கு, பெரியவர் ஒருவர் ஃபோனைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டு வாசித்தால் இது நல்ல புத்தகம். இசையை ஸ்பீக்கரில் தனியாகப் போட்டுவிட்டு, “இது எந்த மிருகம்?” என்று கேட்டுவிட்டுப் பக்கத்தைத் திறந்தால் இன்னும் நல்லது.

எதுவும் வாங்க வேண்டாத கதை

அதற்கு நேர் எதிர்முனையில் இருப்பது பிரெமன் நகர இசைக்கலைஞர்களின் கதை. ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் 1819-இல் வந்த தங்கள் தொகுப்பின் இரண்டாம் பதிப்பில் இதைச் சேர்த்தார்கள். ஆலைக்கு மூட்டை சுமந்தே கிழடாகிவிட்ட கழுதையைத் தீனி போட்டு வைத்திருக்க எஜமானனுக்கு மனமில்லை. அது பிரெமனுக்குப் போய் நகர இசைக்குழுவில் சேரலாம் என்று கிளம்புகிறது. வழியில் வேட்டைக்குப் பயன்படாத கிழ நாய், பல் மழுங்கிய பூனை, ஞாயிற்றுக்கிழமை விருந்துக்குச் சூப்பாகப் போகிற சேவல் என மூன்று பேர் சேர்ந்துகொள்கிறார்கள்.

கழுதைக்கு லூட் என்கிற நரம்பு வாத்தியம் வாசிக்க ஆசை, நாய்க்கு முரசு அடிக்கலாம் என்று யோசனை சொல்கிறது. கதையில் இரண்டும் நடப்பதில்லை. அவர்கள் பிரெமனுக்கே போய்ச் சேர்வதில்லை. காட்டில் திருடர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் வீட்டின் ஜன்னலருகே கழுதை முன்கால்களை ஊன்றி நிற்க, அதன் மேல் நாய், நாயின் மேல் பூனை, பூனையின் தலையில் சேவல். நான்கும் ஒரே நேரத்தில் தங்கள் சொந்தக் குரலில் கத்துகின்றன. திருடர்கள் பேய் என்று பயந்து ஓடுகிறார்கள். இந்த நால்வரும் ஒருவர் மேல் ஒருவர் நிற்கும் வெண்கலச் சிலை 1953 முதல் பிரெமன் நகரமன்றத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. கெர்ஹார்ட் மார்க்ஸ் செய்தது.

எந்த வாத்தியத்தைப் பற்றியும் இந்தக் கதை ஒன்றும் கற்றுக்கொடுக்காது. ஆனால் மூன்று நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு இதைவிடச் சிறந்த தொடக்கம் எனக்குத் தெரிந்து இல்லை. நான்கு குழந்தைகளுக்கு ஆளுக்கொரு மிருகத்தைக் கொடுங்கள். காள் காள், லொள் லொள், மியாவ், கொக்கரக்கோ. முதலில் தனித்தனியாக, அப்புறம் சேர்ந்து, அப்புறம் மெதுவாக, அப்புறம் ஒருவர் மட்டும் நிறுத்த மற்றவர்கள் தொடர. பத்தே நிமிடத்தில் சேர்ந்திசையின் அடிப்படை முழுவதையும் அவர்கள் செய்து பார்த்துவிடுகிறார்கள்.

கதையின் இரண்டாம் பாதியைப் பலர் சுருக்கிவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். காதுக்கான விஷயம் அங்கேதான் இருக்கிறது. இருட்டில் திரும்பி வந்து அடி வாங்கிய திருடன், தலைவனிடம் போய்ச் சொல்கிறான்: உள்ளே ஒரு சூனியக்காரி என்னைப் பிறாண்டினாள், வாசலில் ஒருவன் கத்தியால் குத்தினான், முற்றத்தில் கறுப்புப் பூதம் தடியால் அடித்தது, கூரை மேல் நீதிபதி உட்கார்ந்து “அந்தப் போக்கிரியைக் கொண்டு வா” என்று கத்தினார். கூரை மேல் இருந்தது சேவல்தான். பயந்த காதுக்குச் சேவலின் கூவல் தீர்ப்பாகக் கேட்டிருக்கிறது. “கண்ணை மூடிக்கொண்டு கேளு, கொக்கரக்கோ வேறு என்ன மாதிரிக் கேட்கிறது?” என்று கேட்டால் பிள்ளைகள் சொல்லும் பதில்கள் அற்புதமாக இருக்கும்.

கிழட்டு மிருகங்களைக் கொல்லப் பார்ப்பது குழந்தைக்குக் கடுமையாகத் தெரியாதா என்று சிலர் தயங்குகிறார்கள். தாத்தா பாட்டி இருக்கிற வீட்டில் அந்தப் பகுதியை மாற்றாமல் சொல்லலாம் என்பது என் கருத்து. பயன் தீர்ந்ததும் தள்ளிவிடப்பட்டவர்கள் தங்களுக்குத் தாங்களே ஒரு வீட்டைப் பிடித்துக்கொள்கிறார்கள் என்பதைப் பிள்ளைகள் முழு மனதோடு கைதட்டி ஏற்றுக்கொள்கிறார்கள்.

இங்கே நம் பக்கத்துக் கழுதை ஒன்று நினைவுக்கு வரும். பஞ்சதந்திரத்தில் வெள்ளரித் தோட்டத்துக்குள் புகுந்து வயிறு நிறையத் தின்ற கழுதை, நிலா வெளிச்சத்தைப் பார்த்துப் பாடப்போகிறேன் என்கிறது. கூட வந்த நரி வேண்டாம் என்று தடுக்கிறது. எனக்கா இசை தெரியாது என்று கழுதை ஏழு சுரம், மூன்று கிராமம் (சுரத் தொகுதி), இருபத்தொரு மூர்ச்சனை (சுர வரிசை) என்று இசை சாஸ்திரத்தையே ஒப்பிக்கிறது. பாடியதும் காவல்காரன் வந்து அடித்து, கழுத்தில் உரலைக் கட்டிவிடுகிறான். சமயம் தெரிந்து வாய் திறக்க வேண்டும் என்று சொல்ல வந்த கதை, அந்த வேலையைச் செம்மையாகச் செய்கிறது. ஆனால் இசைக்குள் அப்போதுதான் காலெடுத்து வைக்கிற பிள்ளைக்கு இதை முதலில் சொல்லாதீர்கள். குரல் நன்றாக இல்லாதவன் பாடினால் அடி விழும் என்பதுதான் ஐந்து வயதுக்குப் புரிகிறது. “நீ பாடாதே, வாயை மட்டும் அசை” என்று பள்ளி விழாவில் யாரோ சொன்னதால் வாழ்நாள் முழுக்கப் பாடாமல் போன பெரியவர்கள் நம்மில் எத்தனையோ பேர். ஒரு படப்புத்தகமும் அதையே சொல்ல வேண்டியதில்லை.

பீட்டரும் ஓநாயும்

ஒருவர் கதை சொல்ல, இசைக்குழு கூடவே வாசிக்கும் இசைக்கதை இது. ஐந்து வயது தாண்டிய குழந்தைக்கு ஒன்றே ஒன்றுதான் கொடுக்க முடியும் என்றால் இதைத்தான் கொடுப்பேன். 1936-இல் மாஸ்கோவில் சிறுவர் நாடக அரங்கை நடத்திவந்த நதாலியா சாட்ஸ் என்ற பெண்மணி, வாத்தியங்களைப் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்தும் ஒரு படைப்பு வேண்டும் என்று ரஷ்ய இசையமைப்பாளர் செர்கெய் புரோகோஃபியெவிடம் கேட்டார். அவர் கதையையும் தானே எழுதி, சில நாட்களிலேயே இசையையும் முடித்துவிட்டார். அந்த ஆண்டு மே மாதம் முதல் முறையாக அரங்கேறியது. மறு ஆண்டே நதாலியா சாட்ஸ் ஸ்டாலின் ஆட்சியில் கைது செய்யப்பட்டு முகாமுக்கு அனுப்பப்பட்டார். அங்கிருந்து மீண்டு வந்து, 1965-இல் மாஸ்கோவில் பிள்ளைகளுக்கென்றே ஓர் இசை நாடக அரங்கையும் தொடங்கினார். சிறுவர்களுக்கு இசை வேண்டும் என்பதில் அவருக்கு இருந்த பிடிவாதம் என்னை இன்றும் நெகிழவைக்கிறது.

இதில் எந்த விலங்கும் கையில் வாத்தியம் பிடிப்பதில்லை. வாத்தியமே விலங்காகிவிடுகிறது. குருவிக்குப் புல்லாங்குழல், வாத்துக்கு ஓபோ என்கிற ஊதுகுழல், பூனைக்குக் கிளாரினெட், உறுமுகிற தாத்தாவுக்குக் கனத்த குரலுள்ள பஸூன் என்கிற ஊதுகுழல், ஓநாய்க்கு ஹார்ன் என்கிற பித்தளை ஊதுகருவி மூன்று, வேட்டைக்காரர்களின் துப்பாக்கிக்கு டிம்பனி என்கிற முரசும் பெரிய முரசும். பீட்டருக்கு வயலின் குடும்பம் முழுவதும். கதை தொடங்குவதற்கு முன்பே இவர் இன்ன வாத்தியம் என்று ஒவ்வொருவரையும் அறிமுகப்படுத்திவிடுகிறார்கள். மொத்தம் ஏறக்குறைய 25 நிமிடம்.

கதை எளிமையானது. பீட்டர் வாசற்கதவைத் திறந்து போட்டுவிட்டு வெளியே போகிறான். வாத்து குளத்துக்குப் போகிறது. பறக்கத் தெரியாத நீ என்ன பறவை என்று குருவி கேட்க, நீந்தத் தெரியாத நீ என்ன பறவை என்று வாத்து கேட்க, சண்டை. பூனை பதுங்கி வருகிறது. தாத்தா திட்டிப் பையனை உள்ளே இழுத்துப் போகிறார். ஓநாய் வந்து வாத்தை விழுங்கிவிடுகிறது. பீட்டர் மதில் ஏறி, குருவியின் உதவியோடு ஓநாயின் வாலில் சுருக்குப் போட்டுப் பிடிக்கிறான். வேட்டைக்காரர்கள் சுட வர, சுடாதீர்கள் என்று தடுத்து, எல்லோருமாக ஓநாயை மிருகக்காட்சிசாலைக்கு ஊர்வலமாகக் கொண்டுபோகிறார்கள்.

இதன் மேதைமை கடைசியில் வருகிறது. ஊர்வலத்தின் முடிவில் ஓபோ மெல்லக் கேட்கிறது. அவசரத்தில் உயிரோடு விழுங்கப்பட்ட வாத்து, ஓநாயின் வயிற்றுக்குள்ளிருந்து கத்துகிறது! பெரும்பாலான புத்தகங்களில் அந்த வாத்தைப் படமாக வரைந்து காட்டிவிடுவார்கள். இசையை முதலில் கேட்ட குழந்தைக்கு அந்தப் படம் தேவையே இல்லை. ஓபோவைக் கேட்டதும் “வாத்து இருக்கு!” என்று அதுவே துள்ளி எழும். அந்த நொடியில் குழந்தை, எந்தப் பெரியவரின் உதவியும் இல்லாமல், ஒரு வாத்தியத்தின் குரலை அடையாளம் கண்டுகொண்டது. நான் தேடுகிற முதல் விஷயம் இதுதான்.

அதனால் ஒழுங்கு முக்கியம். புத்தகத்தைப் பிறகு கொடுங்கள். முதல் நாள் அறிமுகப் பகுதியை மட்டும் போட்டு, குரல்களைப் பழக்குங்கள். அடுத்த நாள் முழுக் கதை. படப்புத்தகம் அதற்கடுத்த வாரம் வந்தால் போதும். இணையத்தில் பல ஒலிப்பதிவுகள் கிடைக்கின்றன. கதை சொல்பவரின் ஆங்கிலம் புரியாவிட்டால் ஆங்காங்கே நிறுத்தித் தமிழில் சொல்லிவிட்டுத் தொடரலாம், இசைக்கு ஒரு சேதமும் இல்லை.

நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்த வாத்தியங்கள் அந்நியம்தானே என்று கேட்கிறார்கள். அவ்வளவு அந்நியம் இல்லை. வாத்தின் ஓபோவும் நம் நாதஸ்வரமும் ஒரே குடும்பம். இரண்டிலும் இரட்டை நாக்குள்ள தட்டைதான் அதிர்கிறது, நாதஸ்வரத்தில் அதற்குச் சீவாளி என்று பெயர். பூவரச இலையைச் சுருட்டி, ஒரு முனையை லேசாக நசுக்கிப் பீப்பீ ஊதக் கற்றுக்கொடுங்கள். ஓபோ எப்படி வேலை செய்கிறது என்பது பிள்ளையின் உதட்டிலேயே தெரிந்துவிடும். பூனையின் கிளாரினெட் கர்நாடக இசைக்கு எப்போதோ வந்துவிட்டது. ஏ.கே.சி. நடராஜன் வாசித்த ஒரு கீர்த்தனையைப் போட்டுவிட்டு, “பூனை எங்கே வந்திருக்கு பார்” என்றால் சிரித்துக்கொண்டே கேட்பார்கள். ஓநாயின் ஹார்னுக்குக் கோயில் திருவிழாவில் ஊதும் கொம்பு இருக்கிறது. உதட்டை அதிரவைத்து ஊதும் முறை இரண்டிலும் ஒன்றே.

குறை என்று சொன்னால் பயம். மூன்று ஹார்ன்கள் சேர்ந்து எழும்பும்போது சில பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு மடிக்குள் வந்துவிடும். வாத்து விழுங்கப்படும் இடத்தில் அழுகிற பிள்ளைகளும் உண்டு. அதனால்தான் நான்கு வயதுக்குள் இதைத் தருவதில்லை. அழுகிற பிள்ளைக்குக் கடைசி வரை கேட்டால் வாத்து திரும்பக் கேட்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஆச்சரியம் கொஞ்சம் குறையும், பரவாயில்லை.

துண்டு துண்டாகக் கேட்க ஒன்று

பிரான்சின் இசையமைப்பாளர் காமில் சான்-சான்ஸ் 1886-இல் எழுதிய ‘விலங்குகளின் கொண்டாட்டம்’ 14 சிறு இசைத் துண்டுகள் கொண்டது. கதை கிடையாது. நண்பர்களுக்காக விளையாட்டாக எழுதியது என்பதால், தன் பெயருக்கு இது இழுக்காகிவிடும் என்று பயந்து உயிரோடு இருந்தவரை ‘அன்னம்’ பகுதியைத் தவிர வேறெதையும் அச்சிட விடவில்லை. 1921-இல் அவர் இறந்த பிறகு, 1922-இல்தான் முழுவதும் வெளிவந்தது. இன்று அவர் பெயரைக் கேட்டதும் முதலில் நினைவுக்கு வருவது இதுவாகத்தான் இருக்கும்.

இங்கே இசையின் வேடிக்கை வேறு விதம். ஆஃபன்பாக் என்ற இசையமைப்பாளரின் துள்ளல் நடனம் ஒன்றை ஆமை வேகத்துக்கு இழுத்து ஆமை என்கிறார். மெல்லிய தேவதைகளுக்காக பெர்லியோஸ் என்ற இன்னோர் இசையமைப்பாளர் எழுதிய மெட்டை, வயலின் குடும்பத்தின் கனமான டபுள் பாஸிடம் கொடுத்து யானை என்கிறார். புதைபடிவ எலும்புகளுக்குக் கட்டைகளைத் தட்டி வாசிக்கும் சைலபோன், அன்னத்துக்கு வயலினைவிடப் பெரிய செல்லோ. ஸ்கேல் என்கிற சுர வரிசை பழகுகிற பியானோக்காரர்களையும் மிருகங்களின் வரிசையில் சேர்த்திருக்கிறார். கீபோர்டு வகுப்புக்குப் போகிற பிள்ளைகள் இந்த இடத்தில் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

கதை இல்லாததால் மொத்தமாகப் போட்டால் சிறு பிள்ளைகள் நழுவிவிடுகிறார்கள். ஒரு நாளைக்கு ஒரு விலங்கு போதும், பல துண்டுகள் ஓரிரு நிமிடம்தான். அச்சிட்ட படப்புத்தகம் இதற்கு வேண்டாம். வெள்ளைத் தாளும் கிரேயானும் கொடுத்து, கேட்பதை வரையச் சொல்லுங்கள். விலங்கின் பெயரைச் சொல்லாமல் போட்டால் யானைக்குப் பதில் பஸ் வரைகிற பிள்ளையும் இருக்கும். அதுவும் சரிதான், கனமான எதையோ காது பிடித்திருக்கிறது.

குயில் பகுதியை மட்டும் தவற விடாதீர்கள். ஐரோப்பியக் குயிலின் கூவல் மேலிருந்து கீழே இறங்கும் இரண்டு சுரம், கிளாரினெட் அதையே திரும்பத் திரும்ப ஊதும். நம் ஊர்க் குயிலோ கூவக் கூவ மேலே ஏறிக்கொண்டே போகும். கோடைக் காலையில் ஜன்னலோரம் நின்று நம் குயிலைக் கேட்டுவிட்டு, அப்புறம் இதைப் போட்டு என்ன வித்தியாசம் என்று கேளுங்கள். கையை மேலேயும் கீழேயும் அசைத்துக் காட்டியே பதில் சொல்லிவிடுவார்கள்.

பாட்டு வகுப்புச் சுவரில் ‘ச’ மயில், ‘ரி’ எருது, ‘க’ ஆடு என்று ஏழு சுரத்துக்கும் விலங்குகள் போட்ட அட்டவணை தொங்குவதுண்டு. நாரதீய சிட்சை முதலிய பழைய நூல்களிலிருந்து வருவது அது. பெரிய பிள்ளைகளுக்கு வரலாறாகச் சொல்லலாம். காதுப் பயிற்சியாக ஆகாது. மயில் அகவுவதை நேரில் கேட்ட குழந்தை, ‘ச’ பாடும்போது அதை அதில் தேடும், கிடைக்காது.

கபிலர் வைத்திருக்கும் இசைக்குழு

இதுவரை சொன்னவற்றில் சிறந்தவை ரஷ்யாவிலும் ஜெர்மனியிலும் பிரான்சிலும் பிறந்தவை. அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் விலங்குகளின் இசைக்குழு என்று யோசிக்கும்போது அகநானூற்றின் 82-ஆம் பாட்டை விட்டுவிட்டுப் போக என்னால் முடியாது. கபிலர் பாடியது, குறிஞ்சித் திணை.

தலைவனுடைய மலை எப்படிப்பட்டது என்று சொல்ல வருகிறார் கபிலர். அங்கே அசைகிற மூங்கிலில் வண்டு துளைத்த ஓட்டைகள். மேல்காற்று அதன் வழியே புகுந்து குழலாக ஒலிக்கிறது. அருவியின் ஓசை முழவு. கூட்டமாகக் கத்துகிற கலைமான்களின் கடுங்குரல், தூம்பு என்கிற பெரிய ஊதுகருவி. பூஞ்சாரலில் முரலும் வண்டுகள் யாழ். இந்தக் கச்சேரியைக் கேட்டுக் குரங்குகள் கூட்டமாக வியந்து பார்த்துக்கொண்டிருக்கின்றன. அவைதான் சபை. மூங்கில் வளர்ந்த மலைச்சரிவில் நடந்து ஆடுகிற மயில், களத்துக்குள் புகுந்த விறலியை, அதாவது ஆட்டக்காரியைப் போலத் தோன்றுகிறது.

குழல், முழவு, தூம்பு, யாழ், ஆட்டக்காரி, சபை. ஒரு கச்சேரிக்கு வேண்டிய எல்லோரும் வந்துவிட்டார்கள். ஒரு மானின் கையிலும் வாத்தியம் இல்லை, குரங்குக்குச் சட்டை போடவில்லை. மான் மானாகவே கத்துகிறது, வண்டு வண்டாகவே முரல்கிறது, கேட்கிறவரின் காது அதை வாத்தியமாக்கிக்கொள்கிறது. கடையில் இருக்கும் யானை வயலின் புத்தகங்களை எடை போட நான் வைத்திருக்கும் தராசே இந்தப் பாட்டுதான். வண்டு முதலில் மூங்கிலைத் துளைத்து வாத்தியம் செய்துகொடுக்கிறது, பிறகு வண்டினமே யாழாகவும் வருகிறது என்பதையும் கவனியுங்கள். பிள்ளைகள் இதை உடனே பிடித்துக்கொள்வார்கள்: “அப்போ வண்டுதான் ஆசாரியா?”

பாட்டின் பின்பாதி காதலைப் பற்றியது. தலைவனைப் பலர் பார்த்திருக்க, தான் மட்டும் இரவில் தூங்காமல் கண்ணீர் விடுவது ஏன் என்று தலைவி தோழியிடம் கேட்கிறாள். படப்புத்தகத்துக்கு முன்பாதி போதும், மீதியைப் பிள்ளைகள் வளர்ந்ததும் தாங்களே படித்துக்கொள்ளட்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது ஆறு தாள். மூங்கில், அருவி, மான்கள், வண்டுகள், குரங்குகள், மயில். பக்கத்துக்கு ஒரே வரி, எளிய தமிழில்: “காற்று வந்தது, மூங்கில் குழல் ஊதியது.” ஒவ்வொரு பக்கத்துக்கும் வீட்டிலிருந்தே ஒரு சத்தம். பேனா மூடியின் வாயில் ஊதினால் மூங்கில். காலிக் குடத்தில் விரல்களால் தட்டினால் அருவி. பப்பாளி இலைக் காம்பை ஊதினால் தூம்பு. வாயை மூடிக்கொண்டு “ம்ம்ம்” என்று ஒரே சுருதியில் நின்றால் வண்டுகள். சுருதி என்ற பாடம் அங்கேயே தொடங்கிவிடுகிறது, அந்தப் பெயரைச் சொல்லக்கூட வேண்டாம். பாட வெட்கப்படும் பிள்ளைக்கும் வேலை இருக்கிறது, அது குரங்கு. உட்கார்ந்து கேட்டு வியக்க வேண்டும். ஓடியாடும் பிள்ளைக்கு மயில்.

வீட்டில் இரண்டே பேர் இருந்தால் கொஞ்சம் திண்டாட்டம்தான், நான்கைந்து பிள்ளைகள் சேரும் இடத்தில்தான் இது சுடர்விடும். மேற்கத்திய வாத்தியங்களின் குரலை இது கற்றுத்தராது. ஆறு தாளும் வரைந்து முடிக்க ஒரு சனிக்கிழமை மத்தியானம் போய்விடும். இவ்வளவுதான் இதன் செலவு.

அப்படியானால் எதை எப்போது? மூன்று நான்கு வயதில் பிரெமன் கதையை வாயாலேயே சொல்லுங்கள். ஐந்து முதல் ஏழு வரை பீட்டரும் ஓநாயும், இடையிடையே சான்-சான்ஸின் ஒரு துண்டு. பரிசாக ஒரு புத்தகம் கட்டாயம் வாங்கித்தான் ஆக வேண்டும், பிள்ளை ஆங்கிலம் வாசிக்கும் என்றால் வைல்ட் சிம்பனி வாங்கலாம், செயலியைப் பெரியவர் கையில் வைத்துக்கொண்டு. கபிலர் புத்தகம் எந்த வயதிலும் செய்யலாம், ஆனால் பிரெமன் கத்தலில் கூச்சம் போன பிள்ளைகளோடு செய்தால் நன்றாக வருகிறது.

பள்ளி ஆண்டுவிழாவுக்கு யோசிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு தகவல். இந்தியச் சட்டப்படி பதிப்புரிமை, படைப்பாளி இறந்த அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். புரோகோஃபியெவ் இறந்தது 1953-இல், சான்-சான்ஸ் 1921-இல். ஆகவே இரண்டு படைப்புகளையும் இங்கே தமிழில் கதை சொல்லி, நீங்களே வாத்தியங்கள் வாசித்து மேடையேற்றலாம். யாரோ ஒரு இசைக்குழு வாசித்த ஒலிப்பதிவைப் போட்டு நடத்துவதென்றால் அந்தப் பதிவுக்குத் தனி உரிமை உண்டு, அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஓபோவுக்கு நாதஸ்வரமும் ஹார்னுக்குக் கொம்பும் வைத்து ஒரு பள்ளி பீட்டரும் ஓநாயும் செய்தால், முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்க நான் வருவேன்.